நாற்பது பேர் பஸ்ஸும் பன்னிரண்டு பேர் படகும்

நம் சங்கத்தின் சுற்றுலாக் குழு இந்த ஆண்டும் ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறது. சுற்றறிக்கை எல்லோர் வீட்டுக்கும் வந்திருக்கும். பத்து நாளில் ஏழு நாடு, நாற்பது பேர், ஏ.சி. பஸ், மூன்று வேளையும் நம் சமையல், கூடவே வர ஒரு சமையல்காரர். குழுவினரின் உழைப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. விசாவுக்கு அலைவதும், நாற்பது பேருக்கும் ஜன்னல் ஓர சீட் கேட்டு வரும் சண்டையைத் தீர்த்து வைப்பதும் லேசான காரியம் அல்ல. ஆனால் இந்த மாதிரிப் பயணம் போதும் என்பது என் கட்சி.

காரணம் சொல்கிறேன். டில்லியில் நம் மாடிக்கு எதிர் மாடியில் இருப்பவரோடுதான் நாம் ஆல்ப்ஸ் மலைக்கும் போகிறோம். பஸ்ஸில் ஏறியதும் அந்தாக்ஷரி. இறங்கியதும் போட்டோ. ராத்திரி ஓட்டல் அறையில் புளியோதரைப் பொட்டலம். போன நாட்டுக்காரன் ஒருவனிடமாவது பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினோமா என்று திரும்பி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரனிடம் விலை கேட்டது தவிர வேறு ஒன்றும் இருக்காது.

2019 செப்டம்பரில் நானும் என் மனைவியும் பன்னிரண்டு வயதுப் பேரனும் துருக்கியின் தென்மேற்குக் கரையில் நான்கு பகல், மூன்று இரவு ஒரு சின்ன மரப்படகில் போனோம். ஃபெத்தியே என்ற ஊரில் ஏறி, தெம்ரேயில் இறங்கினோம். படகில் பயணிகள் மொத்தம் பன்னிரண்டு பேர். ஹாலந்து தம்பதி ஒருவர், ஆஸ்திரேலிய நர்ஸுகள் இருவர், கல்கத்தாவிலிருந்து ஒரு வங்காளிக் குடும்பம் மூன்று பேர், இஸ்மிர் நகரத்திலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், அவருடைய தங்கை, பிறகு நாங்கள் மூவர். இதைத் தவிர கேப்டன், சமையல்காரர், கயிறு பிடிக்கும் பையன் ஒருவன்.

அந்தப் படகுக்கு அங்கே குலெட் என்று பெயர். இரண்டு பாய்மரம், அகலமான பின்பக்கம். போத்ரும், போஸ்புருன் பக்கத்துப் பட்டறைகளில் கட்டுவார்கள். முன்பு கடல்பஞ்சு எடுப்பவர்களும் மீனவர்களும் ஓட்டிக்கொண்டிருந்த படகின் வழி வந்தது. பாய்மரப் படகு என்று விளம்பரத்தில் படம் போடுவார்களே தவிர, எங்கள் கேப்டன் பாயை விரித்தது ஒரே ஒரு முறை, அதுவும் முக்கால் மணி நேரம். மற்றபடி டீசல் எஞ்சின்தான். போகிற அன்பர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த மாதிரிப் பயணத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. ஜெவாத் ஷாக்கிர் என்று ஓர் எழுத்தாளர். விசாரணை இல்லாமல் தூக்கில் போடப்பட்ட சிப்பாய்களைப் பற்றி எழுதியதற்காக 1925-இல் அவரை போத்ருமுக்கு நாடு கடத்தினார்கள். அப்போது அது ரோடு வசதிகூடச் சரியாக இல்லாத ஒரு மீனவர் ஊர். தண்டனை என்று அனுப்பினால், மனிதர் அந்த ஊரிலேயே மயங்கிவிட்டார். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் அங்கேயே போய்க் குடியிருந்தார். ஹாலிகார்னாஸ் மீனவன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஹாலிகார்னாஸஸ் என்பது போத்ருமின் பழைய பெயர். எழுத்தாள நண்பர்களை அழைத்துக்கொண்டு கடல்பஞ்சுப் படகுகளில் கரையோரமாகப் போவார். கொஞ்சம் ரொட்டி, பாலாடைக்கட்டி, தண்ணீர், அவர்கள் வழக்கப்படி கொஞ்சம் மது. பத்திரிகையும் ரேடியோவும் கூடாது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான அஸ்ரா எர்ஹாத் என்ற அம்மையார் 1962-இல் இந்தப் பயணங்களைப் பற்றி நீலப் பயணம் என்ற பொருளில் ஒரு புத்தகம் எழுதினார். இன்று அந்தப் பெயரே ஒரு வியாபாரப் பெயராகிவிட்டது.

எங்களுக்கு நேர்ந்த வசதிக் குறைவுகளையும் மறைக்கவில்லை. அறை என்று சொல்வது ஒரு பீரோவை விடக் கொஞ்சம் பெரிது. முதல் இரவுக்குப் பிறகு யாரும் கீழே படுக்கவில்லை. மேல்தளத்து மெத்தைகளில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு தூங்கினோம். நல்ல தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படகின் ஏணி சத்தியமாக உதவாது. மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பும்போது சிலருக்குக் குமட்டும். என் மனைவி கொண்டு வந்திருந்த சுக்கும் இஞ்சி மரப்பாவும் ஆஸ்திரேலிய நர்ஸுகள் வரைக்கும் செலவாயிற்று.

சாப்பாட்டைப் பற்றித்தான் சங்கத்தில் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நாங்கள் சைவம் என்று பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தோம். சிவப்பு மைசூர் பருப்பில் ஒரு சூப். திராட்சை இலையில் அரிசியை வைத்துச் சுருட்டியது. ஆலிவ் எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், பீன்ஸ். கெட்டித் தயிர். அய்ரான் என்று உப்புப் போட்ட மோர். தாளித்துக் கொட்டாத நம் சமையல் என்றே சொல்லலாம். பருப்பு சூப்பில் சில இடங்களில் மாமிச ரசம் சேர்ப்பது உண்டு. அதனால் எத்ஸிஸ் என்ற ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு போங்கள். எத் என்றால் இறைச்சி, ஸிஸ் என்றால் இல்லாமல். ஏழு நாட்டு பஸ்ஸில் தனிச் சமையல்காரருக்கு ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் நான் இதை எழுதுவது தயிருக்காக அல்ல. அந்த ஆசிரியைக்காக.

படகு நிற்கும்போது ஒன்றும் செய்ய இருக்காது. ஒரு குடாவில் நங்கூரம் போடுவார்கள். பையன் கயிற்றோடு நீந்திப்போய்ப் பாறையிலோ பைன் மரத்திலோ கட்டிவிட்டு வருவான். அப்புறம் சாயங்காலம் வரை பேச்சுதான். முகம் பிடிக்கவில்லை என்றாலும் எழுந்து போக இடம் கிடையாது. அந்த ஆசிரியை என்னிடம் எங்கள் மொழியைப் பற்றிக் கேட்டார். துருக்கியில் நான் டில்லியிலிருந்து வந்தேன் என்று எப்படிச் சொல்வது என்று நான் கேட்டேன். பென் தெல்ஹிதென் கெல்திம் என்றார். பென், நான். தெல்ஹி-தென், டில்லி-யிலிருந்து. கெல்-தி-ம் என்பதில் கெல் வருதல், தி இறந்த காலம், ம் என்பது நான் என்று காட்டும் விகுதி. வந்தேன் என்ற சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்து வாத்தியார் பிரம்போடு கேட்ட ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு மொழிகளும் ஒரே குடும்பம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நான் அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு துருக்கிக்காரருக்குத் தமிழ் வாக்கியம் தலைகீழாகத் தெரியாது என்பது நிச்சயம்.

பேச்சு எழுத்துக்குத் திரும்பியது. என் பேரனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டி, உன் பெயரை உன் மொழியில் எழுது என்றார். அவன் அழகாக எழுதிக் கொடுத்தான், தேவநாகரியில். எவ்வளவு அழகு என்று கேப்டன்கூட எட்டிப் பார்த்தார். அதன் கீழே நான் தமிழில் எழுதினேன். ஏன் இரண்டும் வேறு மாதிரி இருக்கிறது என்று ஹாலந்து அம்மாள் கேட்டார். "எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது" என்று பேரனே இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டான். கூச்சமே படவில்லை. அவன் வகுப்பில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தானே?

ஆசிரியை என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் நாட்டிலும் சட்டம் போட்டு எழுத்தை மாற்றிவிட்டார்களா?"

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். துருக்கி மொழியை முன்பு அரபு எழுத்தில் எழுதிவந்தார்கள். 1928 நவம்பர் 1-ஆம் தேதி அத்தாதுர்க் அரசு சட்டம் போட்டு லத்தீன் எழுத்துக்கு மாற்றியது. 1929 புத்தாண்டு முதல் புத்தகம் எல்லாம் புது எழுத்தில்தான் அச்சிட வேண்டும். எழுத்தறிவு பெருகியது, அது பெரிய சாதனைதான். ஆனால் இந்த அம்மாள் வீட்டில் தாத்தா எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றனவாம். வீட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. தாத்தாவின் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்று காசு கொடுத்து ஒருவரைக் கூட்டி வந்து படிக்கச் சொல்ல வேண்டியிருந்ததாம்.

நமக்கு எந்தச் சட்டமும் இல்லை. நம் பிள்ளைகள் செல்போனில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறார்கள். நாமும் பதிலுக்கு அப்படியே தட்டுகிறோம். டில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன. சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறது. நம்மை யாரும் தடுக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் "இல்லை" என்று மட்டும் சொன்னேன். மேலே விளக்கச் சொல்லவில்லை, நல்ல மனுஷி.

இந்தக் கேள்வியை நம் நாற்பது பேர் பஸ்ஸில் யார் கேட்பார்கள்? எல்லோர் வீட்டுப் பிள்ளையும் ஒரே மாதிரி இருக்கும்போது ஒருவருக்கும் அது கண்ணில் படாது. பயணத்தின் பிரயோஜனம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

அந்தக் கரை முழுவதுமே இந்த விஷயத்தைப் பேசிக்கொண்டே இருக்கிறது. அங்கே இரண்டாயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன் லிசியர் என்ற ஜனங்கள் இருந்தார்கள். மர வீட்டின் உத்தரம், சட்டம் எல்லாவற்றையும் கல்லில் அப்படியே செதுக்கி, மலைச்சரிவில் வீடு மாதிரியே கல்லறை கட்டினார்கள். இது இன்னார் தன் மனைவிக்கும் மக்களுக்கும் கட்டியது என்று தங்கள் எழுத்தில் பொறித்தார்கள். காலேகோயில் ஒரு கல்லறை தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. அலெக்ஸாண்டர் காலத்துக்குப் பிறகு கிரேக்க மொழி மேலோங்கி, அந்த எழுத்தில் பொறிப்பதே நின்றுபோயிற்று. 1973-இல் லெதூனில் லிசியம், கிரேக்கம், அராமிக் என்று மூன்று மொழியில் ஒரே சேதியைச் சொல்லும் கல் கிடைத்த பிறகுதான் அந்த மொழியைப் புரிந்துகொள்வதில் நல்ல முன்னேற்றம் வந்தது. கல் இப்போது ஃபெத்தியே மியூசியத்தில் இருக்கிறது. படகு ஏறும் முன் அரை மணி ஒதுக்கிப் பார்த்துவிடுங்கள்.

கெகோவா தீவின் ஓரமாகப் படகு மெல்லப் போகும்போது, தண்ணீருக்கடியில் படிக்கட்டும் சுவரும் தெரியும். பூகம்பத்தில் கடலுக்குள் இறங்கிய ஊர். 1990 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. இடிபாடுகளின் மேல் நீந்தக் கூடாது. எங்கள் கேப்டன் இதில் கண்டிப்பானவர்.

ஃபெத்தியேக்குப் பக்கத்தில் கயாகோய் என்ற ஊருக்கு மினி பஸ்ஸில் போனோம். மலைச்சரிவில் நூற்றுக்கணக்கான கல் வீடுகள். ஒன்றிலும் கூரை இல்லை. லெவிஸி என்று கிரேக்கர்கள் அழைத்த ஊர். 1923 ஜனவரியில் லோஸான் நகரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, துருக்கியிலிருந்த கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், கிரீஸிலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் போக வேண்டும் என்று முடிவாயிற்று. முன்பே ஓடிப்போனவர்களையும் சேர்த்து அந்தப் பக்கம் போனவர்கள் சுமார் 12 லட்சம். இந்தப் பக்கம் வந்தவர்கள் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மதத்தைப் பார்த்தார்களே தவிர மொழியைப் பார்க்கவில்லை. துருக்கி மட்டுமே பேசத் தெரிந்த கிறிஸ்தவர்கள், அதைக் கிரேக்க எழுத்தில் எழுதிவந்தவர்கள், கிரீஸுக்குப் போய் வாய் திறக்க முடியாமல் நின்றார்கள். கிரீட் தீவின் முஸ்லிம்கள் கிரேக்கம் பேசிக்கொண்டு துருக்கியில் வந்து இறங்கினார்கள். ஆசிரியையின் பாட்டி அப்படி வந்தவராம். கரோல் பாகில் பஞ்சாபிக்காரர்கள் மத்தியில் குடித்தனம் செய்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வங்காளிக் குடும்பத்தின் பெரியவர் அந்த ஊரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அப்பா பரிசால்காரர் என்று பிறகு சொன்னார்.

2025 மே மாதத்துக்குப் பிறகு துருக்கி என்றாலே நம்மில் பலருக்குக் கோபம். பாகிஸ்தான் பக்கம் நின்ற நாட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று நம் நாட்டுப் பயண நிறுவனங்கள் பலவும் அப்போது பதிவை நிறுத்தின. அந்தக் கோபத்தை நான் தப்பு என்று சொல்லவில்லை. போவதும் போகாததும் அவரவர் முடிவு. என் யோசனை படகைப் பற்றியது, நாட்டைப் பற்றியது அல்ல. துருக்கி வேண்டாம் என்றால் சுந்தரவனத்தில் இதே மாதிரி சமையலும் படுக்கையும் படகிலேயே உள்ள பயணம் இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து மூன்று நாலு மணி ரோட்டில் போனால் கோத்காளி படகுத்துறை. குளிர்காலம்தான் நல்லது.

வரும் பொதுக்குழுவில் மூன்று விஷயங்களைக் கேட்கப் போகிறேன். ஒரு பயணத்துக்குப் பன்னிரண்டு பேர், அதில் நம்மவர் ஆறு பேருக்கு மேல் வேண்டாம், மிச்ச இடத்தில் யார் வந்தாலும் சரி. சமையல்காரரைக் கூட்டிப்போக வேண்டாம். சிறுவர்களுக்கு இடம் கொடுப்பதில், ஞாயிறு வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு முன்னுரிமை. மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு வரும் என்று என் மனைவி சொல்கிறாள். என் பேரன் ஆகஸ்டிலிருந்து வகுப்புக்கு வருகிறான். அவன் பெயரைப் பட்டியலில் கடைசியில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதிர்க்கிறவர்கள் தயவுசெய்து கூட்டத்துக்கு நேரில் வாருங்கள், போனில் வேண்டாம்.