குட்டி யானையைக் கட்டித் தீனி போடுவது யார்?

தமிழகத்தில் குட்டி யானை என்றும், இந்தி பேசும் மாநிலங்களில் சோட்டா ஹாத்தி என்றும் மக்கள் பெயரிட்டு அழைக்கும் சிறு சரக்கு வண்டி 2005இல் சந்தைக்கு வந்தது. அதுவும் அதன் வகையைச் சேர்ந்த வண்டிகளும் இந்திய நகரங்களின் சரக்குப் போக்குவரத்தையே மாற்றியமைத்துவிட்டன. காலையில் கேட்ட பொருள் மாலையில் வாசலுக்கு வந்துசேர வேண்டும் என்னும் இன்றைய விரைவு வணிகம், பெருமளவுக்கு இவற்றின் முதுகில் ஏறித்தான் ஓடுகிறது. ஆலை மூடப்பட்டு வெளியேறிய தொழிலாளி, விவசாயம் கைவிட்டுவிட்ட குடும்பத்து இளைஞர், பட்டம் பெற்றும் வேலை கிடைக்காதவர் என எல்லோர் முன்னும் ஒரே கேள்வி வைக்கப்படுகிறது: எந்த வண்டி வாங்கலாம்? முக்கால் டன்னா, ஒன்றரை டன்னா? டீசலா, சி.என்.ஜி.யா, மின்சாரமா? வண்டி விற்பவரும், கடன் கொடுக்கும் நிதி நிறுவனமும், சரக்கு நிறுவனத்தின் முகவரும் ஆளுக்கொரு விடை சொல்கின்றனர். சரக்கு நிறுவனத்தின் தொழிலுக்கான வண்டியை ஓட்டுநர் ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும் மூவரில் ஒருவரும் எழுப்புவதில்லை.

வண்டித் தேர்வு முக்கியமற்றது என்று இதற்குப் பொருளல்ல. பொட்டலச் சரக்கு எடையால் அன்றி இடத்தால்தான் வண்டியை நிரப்பும்; ஆகவே பெட்டியின் நீள அகலம் பார்க்காமல் டன் கணக்கை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆவது பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்களிக்கிறது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. சிறிய வண்டியை வாங்கிவிட்டு, முகவரின் வற்புறுத்தலுக்காக அளவுக்கு மீறி ஏற்றினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது. ஏற்றச் சொன்னவர் அந்தப் பணத்தைக் கட்ட வருவதில்லை. இவையெல்லாம் ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டியவை. தொழிற்சங்கத் தோழர்கள் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவை.

ஆயினும், எந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தாலும் கணக்கின் அடிப்படை மாறுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஆறு லட்சம் ரூபாய் வண்டிக்கு ஒரு லட்சம் முன்பணம் கட்டி, மீதி ஐந்து லட்சத்தை 14 சதவீத வட்டியில் 48 மாதக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 13,660 ரூபாய். கடன் முடியும்போது வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். மாதம் 26 நாள் வண்டி ஓடினால் தவணைக்கு மட்டும் நாளொன்றுக்கு 525 ரூபாய். ஐந்து லிட்டர் டீசலுக்கு, லிட்டர் 90 ரூபாய் வீதம், 450 ரூபாய். காப்பீடு, டயர், பழுது, எஃப்.சி. ஆகியவற்றுக்கு 200 ரூபாய் ஒதுக்கினால், வண்டி நாளொன்றுக்கு 1,175 ரூபாய் தின்கிறது. சரக்கு கிடைக்காத நாளில் டீசல் செலவு இல்லை. தவணையும் காப்பீடும் நிற்பதில்லை. யானை படுத்திருந்தாலும் தீனி கேட்கும்.

இந்த ஓட்டுநரின் நாள் வசூல் 1,800 ரூபாய் என்றால், அவர் கைக்கு எஞ்சுவது 625 ரூபாய். இப்போது நிறுவனம் வாடகையைப் பத்து சதவீதம் குறைக்கிறது என்று கொண்டால், 180 ரூபாய் போய்விடும். தவணை குறையாது, டீசல் விலையும் குறையாது. எனவே 180 ரூபாய் முழுவதும் அந்த 625 ரூபாயிலிருந்தே வெட்டப்படும். வாடகையில் பத்து சதவீத வெட்டு, ஓட்டுநரின் குடும்பத்துக்கு ஏறத்தாழ 29 சதவீத வெட்டு. இழந்ததை ஈடுகட்ட அவர் இன்னொரு நடை ஓட வேண்டும். இரவிலும் ஓட வேண்டும். எல்லோரும் இன்னொரு நடை ஓடத் தயாராகும்போது, வாடகையை மீண்டும் குறைப்பது நிறுவனத்துக்கு எளிதாகிறது. துண்டுக்கூலி என்பது தொழிலாளியே தன் உழைப்பு நேரத்தை நீட்டிக்கொள்ளவும் வேகத்தைக் கூட்டிக்கொள்ளவும் செய்யும் ஏற்பாடு என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் பாகத்தில் விளக்கினார். இங்கே அந்தத் துண்டுக்கூலித் தொழிலாளி உற்பத்திக் கருவியையும் கடன் வாங்கிக் கொண்டுவந்து தருகிறார்.

‘விரைவு’ என்ற சொல்லுக்கான விலையும் அவரிடமிருந்தே பறிக்கப்படுகிறது. கிடங்கு வாசலில் சரக்கு ஏறும்வரை மணிக்கணக்கில் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. ஏறிய பிறகு தாமதமான ஒவ்வொரு நிமிடமும் அவர் தலையில் எழுதப்படுகிறது. இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும் தூரத்துக்கும் வாடகை இல்லை.

மும்பையை ஒட்டிய பிவண்டியில் இந்தச் சுரண்டலின் பழைய முகத்தையும் புதிய முகத்தையும் அருகருகே காணலாம். 1982இல் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய மும்பை வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, துணி உற்பத்தி பிவண்டி போன்ற இடங்களின் விசைத்தறிக் கூடங்களுக்கு நகர்ந்தது. அங்கே நூல் வியாபாரியுடையது, துணியும் வியாபாரியுடையது. தறியும் அதன் கடனும் நட்டமும் மட்டும் சிறு தறிக்காரருடையவை. இன்று அதே பிவண்டியைச் சுற்றி நாட்டின் மிகப்பெரிய கிடங்குத் தொகுதிகளுள் ஒன்று எழுந்து நிற்கிறது. சரக்கு நிறுவனத்துடையது, வாடிக்கையாளரும் நிறுவனத்துக்குரியவர், வாடகையை நிர்ணயிப்பதும் நிறுவனமே; வண்டி மட்டும் ஓட்டுநருடையது. தறியின் இடத்தில் வண்டி வந்திருக்கிறது. உறவு மாறவில்லை.

மோடி அரசு இதைச் ‘சுயதொழில்’ என்று கொண்டாடுகிறது. வேலை கேட்பவரை வேலை கொடுப்பவராக்கிவிட்டோம் என்று மேடைதோறும் பேசும் இதே அரசு, டீசல் மீதான ஒன்றிய கலால் வரியை 2014இல் இருந்த 3.56 ரூபாயிலிருந்து 2020 மே மாதத்தில் 31.83 ரூபாயாக உயர்த்தியது. 2021லும் 2022லும் செய்த குறைப்புகள் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவில்லை. 2025 ஏப்ரலில் மீண்டும் 2 ரூபாய் ஏற்றப்பட்டது. மின்சார வண்டியே தீர்வு என்போரும் உண்டு. தில்லி அரசு 2021இல் மின்சார இலகுரகச் சரக்கு வண்டிகளுக்கு நுழைவுத் தடை நேரங்களிலிருந்து விலக்களித்தது. காற்று மாசைக் குறைப்பது தேவையான நோக்கமே. ஆனால் மின்சார வண்டியின் கூடுதல் விலையும் கூடுதல் கடனும் ஓட்டுநருக்கு, ‘பசுமை நிறுவனம்’ என்ற விளம்பரம் முதலாளிக்கு என்றால், மாறுவது எரிபொருள் மட்டுமே.

சட்டமும் இந்த ஏற்பாட்டுக்கே காவல் நிற்கிறது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வேலைக்கு அமர்த்திய நிறுவனத்துக்கே அது பொருந்தியது. நூறு ஓட்டுநர்களை நூறு ‘உரிமையாளர்’களாக ஆக்கிவிட்டால் நிறுவனத்தில் ஒரு தொழிலாளியும் இல்லை! 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே கிக் தொழிலாளியை வரையறுக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் செலுத்தினால் போதும். அதுவும் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்து சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை.

வேறு வழி இல்லை என்பது பொய். அதே பிவண்டிக் கிடங்கு வாசலில் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் நிலையான முதலாளி கிடையாது. ஆனால் போராட்டத்தின் விளைவாக 1969இல் மகாராஷ்டிரத்தில் மாத்தாடித் தொழிலாளர் சட்டம் வந்தது. அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் அடங்கிய முத்தரப்பு வாரியத்தில் தொழிலாளி பதிவு செய்கிறார். சரக்குக்காரர் கூலியையும் அதன் மேல் தீர்வையையும் வாரியத்திடம் கட்ட வேண்டும். வருங்கால வைப்பு நிதி உள்ளிட்ட உரிமைகளை வாரியம் வழங்குகிறது. பல கிடங்குகள் அதை ஏய்க்கின்றன என்பது உண்மை. எனினும் பல முதலாளிகளுக்கு மாறி மாறி உழைப்பவருக்கும் கூலியையும் பாதுகாப்பையும் சட்டப்படி உறுதிசெய்ய முடியும் என்பதை அந்தச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு முன்பே நிலைநாட்டிவிட்டது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் காரணம் கூறி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் நீக்கக் கூடாது என்கிறது.

இயக்கத்துக்குள்ளும் இரண்டு தவறான பார்வைகள் நிலவுகின்றன. வண்டி வைத்திருப்பவர் குட்டி முதலாளி, அவர் தொழிற்சங்கத்துக்கு உரியவரல்லர் என்பது ஒன்று. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பதால் ஒருவர் முதலாளியாகிவிடுவதில்லை; அதே புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் அடமானமும் பதிவாகியிருக்கிறது. வாடகையை அவர் நிர்ணயிப்பதில்லை. பிறர் உழைப்பை அவர் சுரண்டுவதில்லை. பத்து வண்டிகளை வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவரையும், தானே ஓட்டும் ஒற்றை வண்டிக்காரரையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். இவர்களை உரிமையாளர் சங்கமாகத் திரட்டி, டீசல் விலைக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் எதிராக மட்டும் குரலெழுப்பினால் போதும் என்பது இரண்டாவது தவறு. அந்தக் கோரிக்கைகள் நியாயமானவையே. ஆனால் வாடகையைத் தீர்மானிக்கும் நிறுவனத்தை அவை தொடுவதேயில்லை.

ஆகவே கோரிக்கைகள் நிறுவனத்தை நோக்கித் திரும்ப வேண்டும். தவணை, எரிபொருள், தேய்மானம் ஆகியவை போக, குறைந்தபட்சக் கூலி தனியாக எஞ்சும்படி கிலோமீட்டர் வாடகை நிர்ணயிக்கப்பட வேண்டும். டீசல் விலை ஏறினால் வாடகையும் ஏற வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கும் காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் ஊதியம் வேண்டும். தாமதத்துக்கு அபராதம் கூடாது. விசாரணையின்றிச் செயலியிலிருந்து நீக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் தொழிலாளி என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டு வரும் இளைஞரைத் தோழர்கள் ஏளனம் செய்யவோ, தத்துவம் பேசி அனுப்பிவிடவோ கூடாது. காகிதமும் பேனாவும் எடுத்து அவரோடு உட்கார்ந்து, நாளொன்றுக்கு வண்டி எவ்வளவு தின்னும், அவருக்கு எவ்வளவு எஞ்சும் என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கணக்கு முடிந்த இடத்தில் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தையும் நீட்ட வேண்டும். கிடங்கு வாசலில் மூட்டை தூக்குபவரும் வண்டி ஓட்டுபவரும் ஒரே கொடியின் கீழ் நிற்கும் நாளில், குட்டி யானைக்குத் தீனி போட வேண்டியவர் யார் என்பதை நிறுவனங்கள் உணர்ந்தே தீரும்.