தொகையில் மறையும் காலம்: கடைசி ஓவர் வீசுபவரை எப்படி மதிப்பிடுவது?

நீண்ட பதிவு. கிரிக்கெட்டைப் பற்றித் தொடங்கினாலும் மதிப்பீடு பற்றித்தான் எழுதுகிறேன். ஆய்வுலக நண்பர்கள் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

கரோல் பாக்கில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்தளத்தில் சேலம் மாவட்டத்திலிருந்து வந்த இளநிலை மாணவர் ஒருவர் தங்கியிருக்கிறார். தம் கல்லூரி அணியின் இடக்கை வேகப்பந்து வீச்சாளர். இருபது ஓவர் ஆட்டங்களில் பதினேழாவது ஓவருக்குப் பின்பே அவரிடம் பந்து வரும். சென்ற பருவத்தின் இறுதியில் அணித் தேர்வுக் குழு பந்துவீச்சாளர் அனைவரையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தியது. வரிசைக்கு அடிப்படை ஓவருக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி, அதாவது எக்கானமி. இவர் பெயர் கடைசியில் இருந்தது. அடுத்த போட்டிக்கான பதினைந்து பேரில் அவர் இல்லை.

அன்று இரவு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். "அக்கா, நான் எப்பப் பந்து போட்டேன்னு இந்தத் தாள்ல எங்கயுமே இல்லியே" என்றார்.

மொழியியல் படித்தவளுக்கு அந்த 'எப்ப' என்ற சொல் உறைத்தது. தமிழ் இலக்கணத்தில் வினைத்தொகை என்று ஒன்றுண்டு. 'ஊறுகாய்' என்று சொன்னால் ஊறிய காயா, ஊறுகின்ற காயா, ஊறும் காயா என்பதைச் சொல்லின் வடிவம் காட்டாது. காலம் உள்ளே மறைந்து நிற்கும். இடத்தை வைத்துக் கேட்பவரே காலத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். தொகை என்ற அதே சொல்லைத்தான் கணக்கிலும் கூட்டுத்தொகைக்குப் பயன்படுத்துகிறோம். கூட்டுகிற இடத்திலெல்லாம் ஏதோ ஒன்று மறைகிறது. எக்கானமி என்னும் எண்ணில் மறைவது காலம்: எந்த ஓவர், எந்த நிலையில் என்பது.

எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். முதலாமவர் எட்டாவது, ஒன்பதாவது ஓவர்களை வீசி 14 ஓட்டங்கள் தருகிறார். இரண்டாமவர் பதினெட்டாவது, இருபதாவது ஓவர்களை வீசி 19 ஓட்டங்கள் தருகிறார். எக்கானமி முறையே 7, 9.5. பட்டியலில் முதலாமவர் மேலே. இப்போது, அந்தத் தொடரில் எல்லா அணிகளின் பந்துவீச்சாளர்களும் எட்டாவது, ஒன்பதாவது ஓவர்களில் சராசரியாக 6.5 ஓட்டங்களும், பதினெட்டாவதில் 11 ஓட்டங்களும், இருபதாவதில் 12 ஓட்டங்களும் தந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் 13 தர வேண்டிய இடத்தில் 14 தந்திருக்கிறார். இரண்டாமவர் 23 தர வேண்டிய இடத்தில் 19 தந்திருக்கிறார். அணிக்கு ஒருவர் ஓர் ஓட்டம் நட்டம், மற்றவர் நான்கு ஓட்டங்கள் மிச்சம். காலத்தைத் திருப்பிச் சேர்த்தவுடன் வரிசை தலைகீழாகிறது.

இந்தச் சிக்கலை நம்மைவிட நெடுங்காலம் எதிர்கொண்ட விளையாட்டு பேஸ்பால். அங்கு ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிவாளர் களைத்தபோதோ தடுமாறும்போதோ உள்ளே அழைக்கப்படுபவரை ரிலீஃப் பிட்சர் என்பார்கள். அவரை அளக்கவும் பழைய அளவுகோலே இருந்தது: ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டங்கள் விட்டுக்கொடுத்தார் என்னும் சராசரி. இதில் விசித்திரமான ஓர் ஓட்டை உண்டு. முந்தைய பந்தெறிவாளர் மூன்று தளங்களிலும் ஆட்களை நிறுத்திவிட்டுப் போகிறார். புதியவர் வந்ததும் அடி வாங்குகிறார். மூவரும் ஓடி வந்து ஓட்டம் சேர்க்கிறார்கள். விதிப்படி அந்த மூன்று ஓட்டங்களும் போனவர் கணக்கில்தான் எழுதப்படும். ஆட்டத்தைக் கைநழுவவிட்டவரின் சராசரி சுழியமாகவே இருக்கலாம். அதே நிலையில் வந்து மூவரையும் நின்ற இடத்திலேயே நிறுத்தியவருக்கும் அதே சுழியம். காத்தவரையும் கவிழ்த்தவரையும் அந்த எண் வேறுபடுத்தாது.

1959இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் எல்ராய் ஃபேஸ் என்ற ரிலீஃப் பிட்சர் 18 வெற்றி, 1 தோல்வி என்ற கணக்கோடு அந்தப் பருவத்தை முடித்தார். வியப்பூட்டும் எண். ஆனால் அவற்றுள் பல வெற்றிகள், அவர் முன்னிலையைப் பறிகொடுத்த பின் தம் அணியினர் அடித்து மீட்டுத் தந்தவை என்று சிகாகோ விளையாட்டு எழுத்தாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் சுட்டிக்காட்டினார். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பதற்கென்று 'சேவ்' என்ற தனிக் கணக்கை அவர் முன்வைத்தார். 1969இல் அது அதிகாரபூர்வப் பதிவானது. பின்னர் அந்தக் கணக்கின் குறைகளும் தெரிந்தன. மூன்று ஓட்டங்கள் முன்னிலையில் கடைசி இன்னிங்ஸை முடிப்பவருக்கும், ஒரே ஓட்ட முன்னிலையில் தளங்கள் நிறைந்திருக்க வந்து முடிப்பவருக்கும் ஒரே 'சேவ்'தான். எனவே, ஆட்டத்தின் முடிவு எந்த அளவுக்கு அந்தக் கணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் அளக்கத் தொடங்கினார்கள்.

இந்தியர்களுக்கு நேரடித் தொடர்புள்ள எடுத்துக்காட்டும் அதே பிட்ஸ்பர்க் அணியில்தான் கிடைக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் இளைஞர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008இல் நடந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியின் வழியே தேர்வாகி, அதே ஆண்டில் அவ்வணியோடு ஒப்பந்தமானார்கள். 2014இல் ஏ.ஆர். ரகுமான் இசையில் வந்த படத்தால் இந்தக் கதை பலருக்கும் தெரியும். படத்துக்கு வெளியே உள்ள எண்கள் எனக்கு முக்கியம். 2009இல் தொடக்கநிலைத் தொடரில் ரிங்கு சிங்கின் சராசரி 5.84, தினேஷ் படேலின் சராசரி 1.42. குறைவாக இருப்பதே நல்லது. நம் தேர்வுக் குழு அந்தத் தாளை மட்டும் பார்த்திருந்தால் யாரை வைத்துக்கொண்டிருக்கும்? அணி 2010 இறுதியில் விடுவித்தது படேலை. ரிங்கு சிங் இடக்கை ரிலீஃப் பிட்சராகத் தொடர்ந்தார்.

படேலுக்கு அநீதி நடந்தது என்றோ சிங்தான் திறமைசாலி என்றோ நான் சொல்லவில்லை. அந்தப் பருவத்தில் படேல் எறிந்தது ஆறு ஆட்டங்களில், சிங் பதினொன்றில். அவ்வளவு சிறிய தரவிலிருந்து இரண்டு எண்களில் எதுவும் எதையும் நிறுவாது. ஆயிரம் சொற்கள் கொண்ட தரவுத்தொகுதியில் ஒரு சொல் இருமுறை வந்ததை வைத்து, அது அம்மொழியில் பெருவழக்கு என்று எழுதினால் நெறியாளர் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். மைதானத்தில் அதையே துணிந்து செய்கிறோம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு ரிலீஃப் பிட்சர் ஒரு பருவத்தில் இருபது, முப்பது இன்னிங்ஸ் எறிந்தாலே பெரிது. பத்தொன்பது இன்னிங்ஸில் 4 ஓட்டங்கள் தந்தவரின் சராசரி 1.89. இருபதாவது இன்னிங்ஸில் 5 ஓட்டங்கள் தந்துவிட்டால் அது 4.05 ஆகிவிடும். ஒரே மாலைப்பொழுது ஒருவரைச் சிறந்தவரிலிருந்து சாதாரணராக்கிவிடுகிறது. நம் கல்லூரிக் கிரிக்கெட்டிலும் இதே கதைதான். எட்டு ஆட்டங்கள், ஆட்டத்துக்கு இரண்டு ஓவர்கள் என்றால் மொத்தம் 96 பந்துகள். அவற்றில் மூன்று பந்துகள் சிக்ஸராகப் போனாலே எக்கானமி ஓவருக்கு ஓர் ஓட்டத்துக்கு மேல் ஏறும். அந்த மூன்றில் ஒன்று எல்லைக்கோட்டருகே நின்றவர் கையில் பட்டுத் தாண்டிப் போனதாகவும் இருக்கலாம்.

தில்லியிலேயே கண்ட ஓர் ஆட்டத்தை நினைவுகூர்கிறேன். 2024 ஏப்ரல் 20, அருண் ஜேட்லி மைதானம். ஐதராபாத் 266 ஓட்டங்கள் எடுத்தது. தில்லி 199க்குச் சுருண்டது. அன்று சின்னப்பம்பட்டி நடராஜன் நான்கு ஓவர்களில் 19 ஓட்டங்கள் கொடுத்து 4 விக்கெட்டுகளை எடுத்தார். ஓர் ஓவரில் ஓட்டமே இல்லை. மற்றவர்கள் வீசிய ஓவர்களில் தில்லி அணி ஓவருக்கு ஏறத்தாழ 12 ஓட்டங்கள் எடுத்திருந்தது. அந்தப் பின்னணியோடு பார்த்தால் 19 என்ற எண் இன்னும் பெரிதாகிறது. அதே நேரத்தில், 67 ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டம் அது. பின்பகுதியில் விழுந்த விக்கெட்டுகள் முடிவை மாற்றியவை அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சூழல் என்பது நமக்குப் பிடித்தவரை உயர்த்த மட்டும் எடுத்துக்கொள்ளும் கருவியாக இருக்கக் கூடாது. நடராஜன் எங்கள் மாடித் தம்பியின் ஊர்ப்பக்கத்தவர், எனக்கும் பிடித்தவர். அதனால்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். "எண்கள் இவ்வளவு ஏமாற்றும் என்றால் எண்களையே விட்டுவிடலாமே? ஆட்டத்தைப் பார்த்த பயிற்சியாளருக்குத் தெரியாதா?" இந்த வாதத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, நம்பிக்கை இல்லை. கண் கடைசி ஓவரில் போன சிக்ஸரை நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு முன் வீழ்ந்த நான்கு யார்க்கர்களை மறந்துவிடும். மேலும், கண் தனக்குப் பழகியவர்களையே நன்றாகப் பார்க்கும். யார் எந்த அகாதெமியில் பயின்றவர், யார் இடைவேளையில் சரளமாக இந்தி பேசிச் சிரிக்கிறார் என்பவையெல்லாம் 'மனப்பதிவு' என்ற பெயரில் தீர்ப்புக்குள் நுழைந்துவிடும். வெளியூரிலிருந்து வந்த மாணவருக்கு எண்ணே பாதுகாப்பு. அது முழுமையான எண்ணாக இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஆகவே கல்லூரி அணிகளுக்கு நான் முன்வைப்பது எளியது. ஒவ்வோர் ஓவருக்கும் நான்கு குறிப்புகள் போதும். எத்தனையாவது ஓவர்; பந்து கைக்கு வந்தபோது எதிரணியின் நிலை என்ன; அந்தத் தொடரில் அதே ஓவரில் மற்றவர்கள் சராசரியாகத் தந்தது எவ்வளவு; இவர் தந்தது எவ்வளவு. ஸ்கோர் புத்தகத்திலேயே இவையெல்லாம் இருக்கின்றன, கூட்டும்போதுதான் தொலைக்கிறோம். இவற்றோடு, களத்தடுப்பாளரின் கையை நம்பியிராத செய்திகளையும் தனியே எண்ண வேண்டும்: வைடுகள், நோ பால்கள், ஓட்டம் தராத பந்துகள், குறிவைத்த இடத்தில் வீழ்ந்த யார்க்கர்கள். பேஸ்பாலில் 2001இல் வோரஸ் மெக்ராக்கன் என்பவர் கிளப்பிய விவாதமும் ஏறக்குறைய இதுதான்: பந்தெறிவாளர் தாமே கட்டுப்படுத்துவதையும், பின்னால் நிற்பவர்களைச் சார்ந்து நிகழ்வதையும் பிரித்துப் பாருங்கள் என்றார். தரவு சிறிதாக இருக்கும்போது இந்தப் பிரிப்பு இன்னும் தேவை.

அடுத்த ஞாயிறு, அணியின் ஸ்கோர் புத்தகத்தின் படிகளை வைத்துக்கொண்டு நானும் அந்த மாணவரும் அவருடைய பருவத்தை ஓவர் ஓவராகத் திரும்ப எழுதினோம். முடிவு இருவரையும் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. கடைசி நான்கு ஓவர்களில் அவருடைய அணியில் வேறு யாரையும்விட அவர் குறைவாகவே ஓட்டங்கள் தந்திருந்தார். அவர் மனக்குறை நியாயமானது. ஆனால் அவர் வீசிய வைடுகள் அணியில் யாரையும்விட அதிகம். அதற்கு எந்தச் சூழலையும் காரணம் காட்ட முடியவில்லை. நீண்ட நேரம் தாளைப் பார்த்திருந்துவிட்டு, "இது என் தப்புதான்க்கா" என்றார். நேர்மையான மதிப்பீடு இரண்டையும் சொல்லும். ஒற்றை எக்கானமி எண் இரண்டையும் மறைத்துவிட்டது: அவருடைய தகுதியையும், அவர் திருத்திக்கொள்ள வேண்டியதையும்.

இதை ஆய்வாளர்கள் கூடும் இடத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பணிக்குப் புள்ளிக்கணக்கு முறையைக் கொண்டுவந்த நாள் முதல் நாமும் கூட்டுத்தொகைகளாகி வருகிறோம். எழுத்து வடிவமே இல்லாத ஒரு மொழிக்கு இரண்டாண்டுகள் களப்பணி செய்து ஒரு கட்டுரை எழுதியவரும், ஆயத்தத் தரவை வைத்து மூன்று மாதத்தில் ஒரு கட்டுரை எழுதியவரும் பட்டியலில் ஒன்றே. ஒருவர் எட்டாவது ஓவரை வீசியவர், மற்றவர் இருபதாவது ஓவரை வீசியவர். நேர்காணல் மேசையில் யாரும் 'எப்ப' என்று கேட்பதில்லை. நாளை நம்முள் சிலர் அந்த மேசையின் மறுபக்கம் அமரப்போகிறோம் என்பதால், இப்போதே கேட்டுப் பழகுவது நல்லது.

தேர்வுக் குழு தன் பட்டியலை மாற்றவில்லை. எங்கள் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள்; அவ்வளவுதான். அடுத்த தேர்வு வரும் பருவத்தில். இப்போது விடியற்காலையில் அஜ்மல் கான் பூங்காப் பக்கம் நடக்கப் போனால், ஒரு பழைய செருப்பை ஸ்டம்புக்கு முன் வைத்து, அதைக் குறிபார்த்துத் திரும்பத் திரும்பப் பந்து வீசும் ஒருவரைக் காண்கிறேன். வைடுகளை எண்ணும் வேலையை எனக்குத் தந்திருக்கிறார்.

கல்லூரி அணிகளில் ஸ்கோர் எழுதுபவர்கள், உடற்கல்வித் துறையினர், புள்ளியியல் நண்பர்கள் இந்த நான்கு குறிப்பு முறையில் உள்ள ஓட்டைகளைச் சுட்டினால் திருத்திக்கொள்வேன்.