மெசினுக்கு மாலை போட்டா போதுமா முதலாளி?

மக்களே, இது மொக்கைப் பதிவு இல்லை. கொஞ்சம் வயித்தெரிச்சல் பதிவு. பொட்டி தட்டுறவனுக்கு பட்டறையைப் பத்தி என்ன தெரியும்னு கேக்குறவங்க, முழுசாப் படிச்சிட்டு கும்முங்க :-)

போன ஆயுத பூஜைக்கு சோழபுரம் போயிருந்தேன். சித்தப்பா பையன் ராஜபாளையம் பக்கம் ஒரு பட்டறையில லேசர் கட்டிங் மெசின் ஓட்டுறான். கல்யாண அலங்கார வளைவு, அக்ரிலிக் பெயர்ப்பலகை, அட்டை வேலை எல்லாம் பண்றாங்க. "வாங்கண்ணே"ன்னு கூட்டிட்டுப் போனான். மெசினுக்கு சந்தனம், குங்குமம், வாழைக்கன்னு, ஆளுயர மாலை. மூடியைத் திறந்து லென்ஸைப் பார்த்தா டீக்கடை வடிகட்டி மாதிரி இருக்கு. "ஏம்பா தொடைக்கிறதில்லையா?"ன்னேன். "நிறுத்தினா திட்டு விழும்ணே"ங்கிறான்.

இந்த கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல அமெரிக்காவோட பெல் ஆய்வகத்துல கண்டுபிடிச்சவர் குமார் படேல். மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்தவர். அதோட ஒளி 10.6 மைக்ரான் அலைநீளம். சாதா கண்ணாடி அதை உறிஞ்சிடும். அதனாலதான் ஜிங்க் செலினைடுல லென்ஸ் போடுறாங்க. அது மேல புகைப்பிசின் படிஞ்சா, பிசின் அந்த ஒளியை உறிஞ்சி சூடாகும். வெட்டு முழுசா இறங்காது. உடனே என்ன பண்றாங்க? பவரைக் கூட்டு, வேகத்தைக் குறை. புகை இன்னும் கூடும், லென்ஸ் இன்னும் அழுக்காகும், டியூபோட ஆயுசும் குறையும். கடைசியில லென்ஸ் பட்டுன்னு வெடிக்கும். பனியன் வேஸ்ட்டால தேய்க்கிற மகானுபாவர்களும் உண்டு. அதுல கீறல் விழுந்தா அதோட சரி. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு, லென்ஸ் துடைக்கிற தாள் ஒண்ணு, பத்து நிமிஷம். இதுக்கா நேரம் இல்லை?

அடுத்தது தண்ணி. கண்ணாடி டியூபைக் குளிர வைக்க காய்ச்சி வடிச்ச தண்ணிதான் ஊத்தணும். இவங்க ஊத்துறது போர் தண்ணி. உப்பு படிஞ்சு, பாசி பிடிச்சு, பம்பு அடைக்கும். தண்ணி ஓட்டம் நின்னா லேசரை அணைக்க ஒரு சென்சார் இருக்கு. அது அடிக்கடி மெசினை நிறுத்துதுன்னு ரெண்டு வயரையும் முறுக்கி ஒண்ணாக் கட்டி வச்சிருந்தாங்க! எங்க வேலையில எர்ரர் வந்தா அதை மறைச்சிட்டு "எல்லாம் ஓடுது"ன்னு சொல்ற ஆளுங்க உண்டு. அங்க சர்வர் படுக்கும், இங்க டியூபு உடையும்.

உடைஞ்சுது. ரெண்டே மாசத்துல. பழி யார் மேல? தம்பி மேல. டியூபு காசை மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கிறாங்க. வயரை முறுக்கச் சொன்னது அவனா? போர் தண்ணி ஊத்தச் சொன்னது அவனா? தொழிலாளியோட அலட்சியத்தால நேரடியா வந்த நஷ்டமா இருந்தாத்தான், அதுவும் அவன்கிட்ட விளக்கம் கேட்ட பிறகுதான் பிடிக்கலாம்னு 1936-ஆம் வருஷத்து ஊதியச் சட்டத்துலயே இருந்தது. 2019-ல வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையேதான் சொல்லுது. "விளக்கம் கேட்டாங்களாடா?"ன்னேன். சிரிக்கிறான்.

காசாவது பரவாயில்லை. தேன்கூடு தட்டுக்கு அடியில சேர்ற துண்டுகளும், புகைக்குழாயில படியிற பிசினும் தீப்பிடிக்கும். அக்ரிலிக் எப்படி எரியும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். ரெக்சின்ல பி.வி.சி. இருக்கும். அதை வெட்டினா ஹைட்ரஜன் குளோரைடு வரும். தண்டவாளம் துருப்பிடிக்கும், பையனோட நெஞ்சும் அரிக்கும். மெசினுக்காவது புதுசு வாங்கிப் போடலாம்.

"ஆர்டர் நெருக்கடி, உனக்கென்ன தெரியும்"னு அண்ணாச்சிகள் சொல்லுவாங்க. தெரியும். ஆனா தினம் பத்து நிமிஷம் நிறுத்த மனசில்லாதவங்க, டியூபு மாத்த நாள்கணக்கா நிறுத்தினாங்களே, அப்ப எங்க போச்சு அவசரம்? மெசினை வித்தவங்களும் யோக்கியம் இல்லை. இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில குடுத்துட்டுப் போனா, ஓட்டுற பையன் என்ன செய்வான்?

நான் கேக்குறது நாலே நாலு:

1. தினம், வாரம், மாசம் என்ன செய்யணும்னு தமிழ்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க.
2. துடைக்கிற நேரத்தையும் வேலை நேரமாக் கணக்குல எடுங்க.
3. சென்சார் வயர்ல கை வைக்காதீங்க.
4. "நிறுத்தணும்"னு ஓட்டுறவன் சொன்னா நிறுத்துங்க.

வருஷத்துக்கு ஒரு நாள் கும்பிட்டா போதாது முதலாளி. சாமிக்கே தினமும் அபிஷேகம் பண்றோம்ல?

டிஸ்கி: மாலைக்கு ஆன செலவுல பல கேன் காய்ச்சி வடிச்ச தண்ணி வந்திருக்கும். சும்மா சொன்னேன் :-(