தேயாத இயந்திரத்துக்கு நாள் குறிப்பவர் யார்?

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. மறுநாளும் அந்தக் கணினிகள் முன்போலவே இயங்கின. ஆயினும் அவை காலாவதியாகிவிட்டன என்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமாம். அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு தேவை. இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. பழைய கணினிகள் பல வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன.

“தொழில்நுட்பம் வளரும், நாம்தான் பழகிக்கொள்ள வேண்டும்” என்று நம் தோழர்கள் சிலரும் கூறுகின்றனர். முற்போக்கின் வேடமிட்ட சரணாகதி இது.

இயந்திரம் தேய்வதால் மட்டுமன்றி, அதனினும் மலிவான, மேலான இயந்திரம் வருவதாலும் மதிப்பிழக்கிறது என்று ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். அங்கே மதிப்பைக் குறைப்பது போட்டி. இங்கோ, கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் போதுமான கருவியை, மூல நிரலைப் பூட்டி வைத்திருக்கும் ஏகபோகம் நாள் குறித்து வீழ்த்துகிறது. பாதுகாப்பு நீட்டிப்பு வேண்டும் வணிக நிறுவனங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதலாண்டு விலை 61 டாலர்; ஆண்டுதோறும் அது இரட்டிப்பாகும். இதைக் குத்தகை என்றுதான் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பு வேண்டாமா என்பர். வேண்டும், ஓட்டை அடைக்கப்படாத கணினி ஆபத்தானதே. ஆனால் உரிமையாளரைத் தவிர வேறெவரும் அதை அடைக்க இயலாதது ஏன்? நிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு உரிமை இல்லை. எனவே பாதுகாப்பு பற்றிய கேள்வி, அடிப்படையில் உடைமை பற்றிய கேள்வியே.

சுமை யார் தலையில் விழுகிறது? இடம் மாறிப்போன கட்டளைகளைத் தேடித் தடுமாறும் தரவுப் பதிவு ஊழியரின் நேரம் ஊதியக் கணக்கில் ஏறுவதில்லை. அவருக்கு விதித்த இலக்கும் குறைவதில்லை. தில்லி சீலம்பூர் போன்ற இடங்களில் மின்னணுக் கழிவை உடைத்துப் பிரிக்கும் முறைசாராத் தொழிலாளர்கள், தூக்கியெறியப்படும் கருவிகளின் நஞ்சைச் சுவாசிக்கின்றனர்.

மாற்று உண்டு. கேரள அரசுப் பள்ளிகளில் கைட் அமைப்பின் முயற்சியால் குனு/லினக்ஸ் வேரூன்றியுள்ளது. பொதுத்துறை ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் இருக்கிறது. அரசுத் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை ஒன்றிய அரசே 2015இல் அறிவித்தது. அறிவித்ததை நடைமுறைப்படுத்து என்கிறோம்.

அங்கும் பதிப்புகள் மாறும். அங்கும் பழகத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் எடுத்துப் பராமரிக்கும் உரிமை அங்கே உண்டு.

புதிய தளத்துக்கான பயிற்சி வேலை நேரத்தில், ஊதியத்துடன் அளிக்கப்பட வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஏகபோகத்தை எதிர்க்கும் தீர்மானங்களை ஏகபோகத்தின் இயங்குதளத்திலேயே நாம் தட்டச்சு செய்துவருகிறோம். மாற்றத்தை நம் அலுவலக மேசைகளிலிருந்தே தொடங்குவோம்.