புதைபடிவ போட்டோவைச் சுருக்குறீங்களா? அந்தப் பத்து ரூபாய் நாணயத்தை வெட்டிடாதீங்க!

2020 அக்டோபர். பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண் அள்ளிய இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளியே வந்தன. கொஞ்ச நாளிலேயே வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு: "டைனோசர் முட்டையாம்ல!" கடைசியில் புவியியல் தெரிந்தவர்கள் சொன்னது வேறு. அவை முட்டைகள் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளோடு தொடர்புடைய, கடல் படிவுகள் திரண்டு இறுகிய கற்கள்.

ஃபார்வர்ட் செய்தவர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர்கள் நம்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009-ல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகளைக் கண்டதாக சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் குழு அறிவித்திருந்தது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளில் 256 டைட்டனோசர் முட்டைகள் இருப்பதாக 2023-ல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. அந்த முட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஓட்டின் தடிமன் மில்லிமீட்டர் கணக்கு.

அதாவது, ஒரு உருண்டைக் கல் முட்டையா இல்லையா என்று போட்டோவில் பார்த்துச் சொல்ல ஒருவருக்கு முதலில் வேண்டியது இரண்டு: அது எவ்வளவு பெரியது, அதன் மேற்பரப்பு எப்படி இருக்கிறது. போனில் போட்டோவைச் சுருக்கி அனுப்பும்போது முதலில் காணாமல் போவதும் இந்த இரண்டும்தான்.

வயலில் இல்லை, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வயலைத் தோண்டினால் வண்டலும் களிமண்ணும்தான் வரும். காவிரி கொண்டுவந்து கொட்டிய மண் அது. கல் கிடைப்பதே அபூர்வம். ஆனால் டெல்டாவுக்கு வெகு ஆழத்தில் கிடக்கும் கிரெட்டேசியஸ் காலப் பாறை, கொள்ளிடம் தாண்டி அரியலூர், பெரம்பலூர் போனால் தரைக்கே வந்துவிடுகிறது. சுமார் 11 கோடி ஆண்டுகள் முதல் 6.6 கோடி ஆண்டுகள் வரை அங்கே இருந்தது கடல். 1860-களிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்துவிட்டார். உலகப் புவியியலாளர்களுக்கு நம்ம ஊர்ப் பெயர்கள் அத்துப்படி.

இன்றைக்குத் திருவையாறு, திருமானூர் வழியாக பைக்கில் கிளம்பினால் காரை மலட்டு மேடுகளையும் வாரணவாசி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். வார இறுதியில் இப்படிப் போகிறவர்கள் நிறையப் பேர். வழியில் நத்தை மாதிரி சுருண்ட ஒரு கல் கண்ணில் பட்டால் போனை எடுக்காமல் யார் இருப்பார்கள்? (வீட்டில் சாளக்கிராமம் வைத்துக் கும்பிடுகிறவர்களுக்கு அம்மோனைட் புதிதல்ல. நேபாளத்துக் கண்டகி ஆற்றுக் கல்லுக்குள் தெரியும் அந்தச் சக்கரம் அம்மோனைட்டின் சுருள்தான்.)

அந்த போட்டோவை லேசாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. இது சுண்ணாம்புக்கல் சுரங்க பூமி. இன்று ஓடைக்கரையில் இருக்கும் கல் அடுத்த மழையில் உருண்டுபோகலாம். சுரங்க விளிம்பில் இருப்பது அடுத்த மாதம் சிமெண்ட் ஆலையில் கிளிங்கர் ஆகியிருக்கலாம். அப்போது அந்தப் புதைபடிவத்துக்கு மிஞ்சும் ஒரே ஆதாரம் யாரோ ஒருவர் போனில் இருக்கும் படம்தான்.

1600 பிக்சலில் என்ன போகுது?

12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4000-க்கு 3000 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக போட்டோவாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். மொத்தப் பிக்சல்களில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. போதாக்குறைக்கு ஜேபெக் சுருக்கம் வேறு. கோப்பைச் சின்னதாக்க அது முதலில் கை வைப்பது நுணுக்கமான கோடுகளில்தான்.

அம்மோனைட்டுக்கு அந்தக் கோடுகள்தான் கைரேகை. ஓட்டின் உள்ளறைச் சுவர்கள் வெளி ஓட்டைத் தொடும் இடத்தில் பெரணி இலை போல நெளியும் தையல்கோடுகள் இருக்கும். எந்த இனம் என்று நிபுணர்கள் முடிவு செய்ய இது பெரிய உதவி. இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாறை தெரிகிற மாதிரி படம் எடுத்தால், ஒரிஜினலில் ஒரு மில்லிமீட்டருக்கு 4 பிக்சல். அரை மில்லிமீட்டர் கோட்டுக்கு 2 பிக்சல்; ஏதோ தெரியும். அதையே 1600-க்குச் சுருக்கினால் அந்தக் கோட்டுக்கு ஒரு பிக்சல்கூட இல்லை. கோடு மறைந்து வெறும் சாம்பல் பூச்சு மிஞ்சும்.

அதே 1600 பிக்சலில், கல்லை மட்டும் 16 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிட்டப்போய் எடுத்திருந்தால்? மில்லிமீட்டருக்கு 10 பிக்சல். கோடு பளிச்சென்று இருக்கும். ஆக, குற்றவாளி 1600 என்ற எண் கிடையாது. எதை ஃபிரேமுக்குள் வைத்துச் சுருக்குகிறோம் என்பதுதான் கேள்வி. தேவையில்லாத தரையையும் செருப்பையும் முதலில் வெட்டணும், அப்புறம் சுருக்கணும். பலர் அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள்: முழுப் படத்தை அனுப்பிவிட்டு, வாங்கியவர் ஜூம் செய்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஸ்டேட்டஸில் போடுகிறார். வெறும் ஃபார்வர்டில் படம் பெரிதாகக் கெடுவதில்லை. இந்த ஸ்கிரீன்ஷாட் சுற்றில்தான் நாசமாகிறது.

வெட்டும்போது ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும்: கல்லுக்குப் பக்கத்தில் வைத்த அளவுகோல். ஸ்கேல் இல்லையா, பத்து ரூபாய் நாணயம் போதும். விட்டம் 27 மில்லிமீட்டர். "பாதி அளவில் காட்டப்பட்டுள்ளது" என்று கேப்ஷன் போட்டால் அடுத்த போனின் திரையில் அது பொய்யாகிவிடும். படத்துக்குள் இருக்கும் நாணயம் படம் சுருங்கும்போது சேர்ந்தே சுருங்கும். அதனால் கணக்கு எப்போதும் தப்பாது. "நாணயம் இருந்தா போட்டோ அழகா இல்லையே" என்று அதை வெட்டி இன்ஸ்டாவில் போடுகிறவர்கள்தான் அடுத்த 'முட்டை' ஃபார்வர்டுக்கு விதை போடுகிறார்கள். (சாத்தனூர் கல்மரத்துக்கு இது செல்லாது. 18 மீட்டர் நீள மரத்துக்குப் பத்து ரூபாய் வைத்து என்ன செய்ய? ஒரு ஆள் பக்கத்தில் நிற்கலாம்.)

இடம் போனால் பாதி போச்சு

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது படத்தோடு ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் இடமும் எடுத்த தேதியும் உதிர்ந்துவிடும். எந்த இடம், எந்தப் பாறை அடுக்கு என்று தெரியாத புதைபடிவம் ஆய்வுக்குக் கிட்டத்தட்ட அலங்காரப் பொருள். இந்தியா இதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. இமயமலையில் கிடைத்ததாக ஒரு பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பல ஆண்டுகளாக எழுதிவந்த புதைபடிவங்களில் சில மொராக்கோ போன்ற வேற்று இடத்துச் சரக்கு என்று 1989-ல் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலன்ட் 'நேச்சர்' இதழில் அம்பலப்படுத்தினார். கல் உண்மை, இடம் பொய். இமயமலை பற்றிய ஆய்வுகளில் அந்தக் குழப்பத்தைக் களைய பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

ஆனால் துல்லியமான ஜிபிஎஸ்ஸை ஊருக்கே அறிவிப்பதும் சரியில்லை. கடப்பாரையோடு கிளம்பி வந்து பெயர்த்தெடுத்து விற்பவர்களுக்கு அது வழிகாட்டிப் பலகை. புவிப் பாரம்பரிய இடங்களைக் காக்க ஒரு சட்ட வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில்தான் வெளியிட்டது. பாதுகாப்பு அந்த அளவில் இருக்கும் நாட்டில் கொஞ்சம் வாயடக்கம் நல்லது.

அதனால் ஒரே படத்துக்கு இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்வதுதான் நியாயமான வழி. ஊருக்குக் காட்டுவது கிட்டத்தில் எடுத்தது, நாணயத்தோடு, 1600 பிக்சலில், ஜிபிஎஸ் இல்லாமல். கேப்ஷனில் வட்டம் அல்லது மாவட்டம் போதும். ஒரிஜினலைத் தொடாமல் வைத்திருந்து, அருங்காட்சியகத்துக்கோ இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ ஏதாவது கல்லூரிப் புவியியல் துறைக்கோ மின்னஞ்சலில் அனுப்பலாம். வாட்ஸ்அப்பிலேயே அனுப்பணும்னா 'டாக்குமென்ட்' ஆக. 2023-ல் வந்த எச்டி வசதி படத்தைக் கொஞ்சம் பெரிதாக அனுப்பும், அவ்வளவுதான், ஒரிஜினலுக்கு ஈடாகாது.

மங்கலான படத்தை ஏஐ 'என்ஹான்ஸ்' ஆப்பில் போட்டுத் தெளிவாக்கும் பழக்கம் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. முகத்துக்குப் பவுடர் போடுவது மாதிரி இதைக் கல்லுக்குச் செய்யக்கூடாது. சுருக்கத்தில் தொலைந்த தையல்கோட்டை அந்த ஆப் மீட்டுத் தராது. இல்லாத கோட்டை அழகாக வரைந்து வைத்துவிடும்.