பத்தொன்பது யூரோ ரிக்கற்



எங்களில் பலருக்குப் பிள்ளைகளும் சகோதரங்களும் ஐரோப்பாவில் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். போர் அப்படிப் பிரித்துப் போட்டுவிட்டது. ஒரு பிள்ளையிடம் விசா எடுத்துப் போகிற தாய், பக்கத்து நாட்டில் இருக்கும் மற்றவரையும் பார்த்துவிட்டு வர நினைப்பாள். அப்படிப் போக வேண்டி வந்தால் மலிவு விமானங்களில் எதை எடுப்பது என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

2025 நவம்பர் கடைசியில் நான் பாரிசில் மகளின் வீட்டில் நின்றேன். இத்தாலியில் மிலான் நகரில் இருக்கும் என் தங்கைக்குக் கர்ப்பப்பை எடுக்கும் சத்திரசிகிச்சை. வியாழன் காலை நாள் குறித்திருந்தார்கள். 1995 இடப்பெயர்வின்போது சாவகச்சேரியில் பிரிந்த பிறகு அவளை நான் நேரில் கண்டதில்லை. புதன் இரவுக்குள் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

பிரான்சுக்கும் இத்தாலிக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். (இந்த விசாவோடு லண்டனுக்குப் போக முடியாது. அதற்குத் தனி விசா.) பயணக் காசை நானே கொடுப்பது என்று பிடிவாதமாக நின்றேன். மகள் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறாள். அவளிடம் வாங்க மனம் வரவில்லை. என்னிடம் இருந்தது தையலில் சேர்த்த 150 யூரோ.

"அம்மா, இஞ்ச பாருங்கோ, 19 யூரோ!" என்று மகள் கைத்தொலைபேசியை நீட்டினாள். அது ரயன் எயார். ஈசி ஜெற்றில் அதே நாளுக்கு 42 யூரோ. பார்த்தவுடன் எனக்கும் 19 தான் பிடித்தது. மாதர் சங்கத்தில் கணக்கு எழுதிய பழக்கத்தில், கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

அந்த 19 யூரோ விமானம் நகரத்து விமான நிலையத்தில் ஏறாது. 'பாரிஸ்' என்று போட்டிருந்தாலும் அது போவே என்ற ஊர், பாரிசிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீற்றர். அங்கே போக பஸ்ஸுக்கு 18 யூரோ. இறங்குவதும் மிலானில் அல்ல, பேர்கமோவில். அங்கிருந்து மிலானுக்கு இன்னும் ஒரு மணித்தியால பஸ், 12 யூரோ. ஈசி ஜெற் சார்ள்ஸ் டி கோல் நிலையத்தில் ஏறும். மகளின் வீடு லா சப்பலில், எங்கள் ஆட்களின் கடைகள் உள்ள பகுதியில். அங்கிருந்து நடந்து போய் கார் டு நோர் நிலையத்தில் ரயில் எடுத்தால் நேரே கொண்டுபோய் விடும், 13 யூரோ. இறங்குவது மல்பென்சா. அதுவும் மிலானுக்கு வெளியேதான், பஸ்ஸுக்கு 10 யூரோ.

அடுத்தது பை. தையற்காரியிடம் அளவு நாடாவுக்குப் பஞ்சமா? என் பை 44க்கு 34, தடிப்பு 19 சென்ரிமீற்றர். ஈசி ஜெற் இலவசமாக விடுவது 45க்கு 36க்கு 20. ரயன் எயார் விடுவது 40க்கு 30க்கு 20 தான். அதில் போனால் என் பைக்கு இன்னொரு 24 யூரோ கட்ட வேண்டும். அதைக் கட்டாமல் ஏறும் வாசலில் பிடிபட்டால் ரிக்கற்றிலும் கூடிய காசு போகும். மருமகனின் சிநேகிதி ஒருத்தி ஒரு கம்பனியில் அப்படிக் கட்டிவிட்டு அழுதுகொண்டே ஏறினாளாம்.

கூட்டிப் பார்த்தால் 19 யூரோ ரிக்கற் 73 ஆகிவிட்டது. 42 யூரோ ரிக்கற் 65.

மகளுக்குச் சிரிப்பு. எனக்கு உள்ளூர வேறொரு பயமும் இருந்தது. ரயன் எயாரில் 2025 நவம்பர் 12 முதல் கடதாசியில் ஏறும் அட்டை கிடையாது. கைத்தொலைபேசியில்தான் காட்ட வேண்டும். இணையத்தில் முன்கூட்டியே பதியாமல் போனால் விமான நிலையத்தில் 55 யூரோ வரை வாங்குவார்கள். என் கைத்தொலைபேசி மத்தியானத்துக்குள் உயிரை விட்டுவிடும். பாஷையும் தெரியாமல் தனியாகப் போகிறவளுக்குக் கையில் ஒரு கடதாசி இருந்தால் அது ஒரு தெம்பு. ஈசி ஜெற் அட்டையை மகள் அச்சடித்தே தந்தாள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே பதியுங்கள். எங்களுக்குத் தகப்பன் பெயர், புருஷன் பெயர் என்று எப்போதும் குழப்பம். மகள் அவசரத்தில் என் பெயரை முன்பின்னாக அடித்துவிட்டாள். காசு கட்டும் முன் கண்டதால் தப்பினோம்.

புதன்கிழமை விமானம் ஒன்றே முக்கால் மணித்தியாலம் பிந்தியது. பக்கத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளை ஒரு விஷயம் சொன்னாள். ஐரோப்பாவில் 1500 கிலோமீற்றருக்கு உட்பட்ட பயணத்தில் மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ பிந்திப் போய்ச் சேர்ந்தால் 250 யூரோ நட்டஈடு கேட்கலாமாம். காலநிலை போன்ற காரணமென்றால் இல்லை. மலிவு விமானமென்று இந்தச் சட்டம் விலக்குத் தராது. எனக்கு அந்தக் காசு வேண்டாம், விமானம் வந்தால் போதும் என்றிருந்தது.

பாதுகாப்புச் சோதனையில் எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தலை எடுத்துவிட்டார்கள். அந்த நிலையத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேல் நீர்ப்பண்டம் கையில் கொண்டுபோக விடார்கள் என்று தெரிந்தும் வைத்தது என் பிழைதான். மிளகாய்த்தூள் தப்பியது.

மல்பென்சாவில், வர வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்லியும், தங்கை மகனோடு வந்து நின்றாள். தலை நரைத்துவிட்டது. கட்டிப்பிடித்து அழுது முடிய அவள் கேட்டாள்: "அக்கா, ஊறுகாய் கொண்டு வந்தனீங்களோ?"

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. பன்னிரண்டு நாள் நின்றேன். திரும்பும்போது கையில் சிறு பை மட்டும், அவசரமும் இல்லை. ஆகவே பேர்கமோவிலிருந்து போவேக்கு 16 யூரோ ரிக்கற்றே எடுத்தேன். ஏறும் அட்டையைத் தங்கையின் மகன் என் கைத்தொலைபேசியில் ஏற்றித் தந்தான். "பெரியம்மாவின்ரை போன் சார்ஜ் நிக்காது, உன்ரை சார்ஜரையும் குடுத்துவிடு" என்று படுக்கையில் கிடந்தபடியே தங்கை சொன்னாள்.