கோரையைக் கொன்னுட்டு பட்டாம்பூச்சிக்கு அழுவுறோம்!

"பட்டாம்பூச்சி வரணுமா, பூச்செடி வைங்க"ன்னு பதிவு போடுற மக்களே, ஒரு நிமிஷம். பூ, சிறகு முளைச்ச பூச்சிக்குத்தான் சாப்பாடு. புழுவுக்கு?

ஆஸ்திரேலியால மெல்போர்ன் பக்கத்துல ஆல்டோனா ஸ்கிப்பர்னு ஒண்ணு. அதோட புழு கானியாங்கிற கோரை வகையைத்தான் தின்னும். பகல்ல இலைகளைப் பட்டுநூலால ஒட்டி உள்ள ஒளிஞ்சுக்கும், ராத்திரி மேயும். அந்தக் கோரை போனா பூச்சியும் போச்சு. அவ்ளோதான் லாஜிக்.

இப்ப பெண்ணாடம் வாங்க. லீவுல ஊருக்குப் போனா வரப்பெல்லாம் மஞ்சளா கருகிக் கிடக்கு. களைக்கொல்லி! கேட்டா, "கோரைடா தம்பி, கிழங்கோட சாவணும்"ங்கிறார் பெரியப்பா. வயலுக்குள்ள அது களைதான், ஒத்துக்கறேன். வரப்புல அது யாரை என்ன பண்ணிச்சு?

"புழு நெல்லுக்கு வந்துடுமே"ம்பாங்க. நெல்லுலயும் புல்லுலயும் வளர்ற ஸ்கிப்பர் புழு ஒண்ணு உண்டு, தலையில சிவப்பா 'வி' கோடு போட்டிருக்கும். வேளாண் பாடத்துலயே அது சில்லறைப் பூச்சிதான். குளவிகளே அடக்கிடும். அந்தக் குளவி தங்குறதும் இதே வரப்புலதான் சாமி!

2019-ல தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியா அறிவிச்சோம். சந்தோஷம். வரப்புப் புல்லுக்கு யாரு அறிவிப்பு போடுவா?

ஒரே ஒரு வரப்பையாவது விடுங்கன்னு பெரியப்பாகிட்ட கெஞ்சிட்டு வந்திருக்கேன். "பாக்கலாம்"னார். நீங்களும் உங்க ஊர்ல ஒரு வரப்புக்காவது சண்டை போடுங்கப்பா.